கதை இதழுக்குச் சந்தா கட்டும்போது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறுகதை இதழ்களின் சந்தா பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறுகதை இதழை இரண்டு வருடமாக இணையத்தில் இலவசமாக நடத்துகிறோம். எழுதுபவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சந்தா தொடங்கப் போகிறோம். வாசகர் எங்களிடம் என்ன எதிர்பார்ப்பார்?

பதில்: இதழ் வரும் என்பதைத்தான். அதனால் அடுத்த இரண்டு இதழ்களுக்கான கதைகளைத் திருத்தி, பிழை பார்த்து, கையில் வைத்துக்கொண்டு அறிவியுங்கள். 'ஒரு வருடச் சந்தா' என்று போடாமல் 'ஆறு இதழ்' என்று எண்ணிக்கையாகப் போடுங்கள். இதழ் தாமதமானாலும் வாசகருக்கு நஷ்டம் வராது.

அப்புறம், வரும் பணம் உங்கள் வருமானம் அல்ல. ஆறு இதழுக்குக் கட்டியவருக்கு இரண்டு இதழ் போயிருந்தால், அவர் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் அவருடையது. கணக்கு எழுதுபவர்கள் இதைக் கடன் பக்கத்தில்தான் எழுதுவார்கள். தனிக் கணக்கில் போட்டு, இதழ் போகப் போக எடுங்கள். முதல் இதழை வழவழப்பான தாளில் அடித்துவிட்டு நாலாவது இதழுக்குக் கையைப் பிசைந்த இதழ்கள் ஏராளம்.

மாதச் சந்தா வைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பணப் பரிமாற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் சதவீதத்தோடு ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிலையான தொகையும் பிடிப்பார்கள். சின்னத் தொகையில் அதுதான் கடிக்கும். இதழை நிறுத்த நேர்ந்தால் மீதிப் பணம் என்னவாகும் என்பதையும் இப்போதே, சந்தாப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நல்ல காரணத்துக்காகத் தொடங்குகிறீர்கள், நன்றாக நடக்கட்டும்.

கேள்வி: எல்லாக் கதையும் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறதே, எதற்குச் சந்தா?

பதில்: நாளையும் கிடைப்பதற்கு. கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற ஆங்கில அறிவியல் புனைகதை இதழ் 2006-லிருந்து கதைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. படித்தவர்களில் ஒரு பகுதியினர் காசு கொடுப்பதால்தான் எழுதியவர்களுக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று அந்த இதழால் கொடுக்க முடிகிறது.

கேள்வி: ஒரு இதழுக்குச் சந்தா கட்டினேன். முதல் இதழில் ஒரு கதைகூடப் பிடிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கூடாது. தனி இதழ் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: என் கார்டிலிருந்து இரண்டு வருடமாக ஒரு கதை இதழுக்குப் பணம் போயிருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேல், 'ரத்து செய்யும்வரை தொடரும்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இதழும் மாதாமாதம் வந்திருக்கிறது. கார்டுக் கணக்கை இரண்டு வருடம் திறந்தே பார்க்காதவருக்கு நான் என்ன சொல்ல? இன்றே ரத்து செய்யுங்கள். கடைசியாகப் பிடித்த தொகையை மட்டும் பணிவாகக் கேட்டுப் பாருங்கள், கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

கேள்வி: ஒரு சிற்றிதழ் 'ஆயுள் சந்தா' என்று மூன்று வருடச் சந்தாத் தொகைக்கே தருகிறது. லாபம்தானே?

பதில்: இல்லை. இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நானும் ஒரு கதை இதழுக்கு ஆயுள் சந்தா கட்டியவன். ரசீது இன்னும் இருக்கிறது. மஞ்சள் தாள், கால வரம்பு என்ற இடத்தில் நீல மையில் 'ஆயுள்' என்று கையால் எழுதியிருக்கும். ஏழு இதழ்கள் வந்தன. ஏழாவதில் 33-லிருந்து 48 வரையிலான பக்கங்கள் இரண்டு முறை இருந்தன, அதற்கடுத்த பதினாறு பக்கங்கள் இல்லை. நான் பாதி படித்த கதை அங்கேயே நின்றுவிட்டது. எட்டாவது வரவில்லை. மூன்று கடிதம் போட்டேன், பதிலும் வரவில்லை. அந்தக் கதை எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணம் போனதைவிட அதுதான் வருத்தம்.

ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்? உங்களுடையது அல்ல, இதழுடையது. அது எவ்வளவு என்று ஆசிரியருக்கே தெரியாது. கணக்கையும் பாருங்கள். மூன்று வருடப் பணத்தை வாங்கிக்கொண்டவர் நாலாம் வருடத்திலிருந்து உங்களுக்குத் தன் செலவில் அச்சடித்து, தபால் தலை ஒட்டி அனுப்ப வேண்டும். அந்தச் செலவுக்குப் புது ஆள் ஒருவர் ஆயுள் சந்தா கட்ட வேண்டும். புது ஆள் வருவது நின்றால் இதழும் நின்றுவிடும். கெட்ட எண்ணமே இல்லாத ஆசிரியரையும் இந்த ஏற்பாடு ஏமாற்றுக்காரர் ஆக்கிவிடும். இதழைப் பிடித்திருந்தால் ஒரு வருடத்துக்குக் கட்டுங்கள். அடுத்த வருடம் திரும்பவும் கட்டுங்கள். இன்னும் கொடுக்க ஆசையா? நன்கொடை என்று சொல்லியே கொடுங்கள்.

கேள்வி: ஆறு இதழுக்குக் கட்டி ஒரு வருடம் ஆகிறது. வந்தவை இரண்டு. கேட்டால் 'இலக்கியத்துக்குச் செய்யும் சேவை, அவசரப்படலாமா' என்கிறார்கள். கேட்டதே தப்போ என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: உங்களுக்கு எதற்குக் கூச்சம்? சேவை செய்வது அவர்கள் விருப்பம், நாலு இதழ் உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. தொலைபேசியில் பேசாதீர்கள், எழுதுங்கள். கட்டிய தேதி, தொகை, வந்தவை, வராதவை, பதிலுக்கு ஒரு கெடு, இவ்வளவு போதும். கார்டில் கட்டியிருந்தால் 'பொருள் வரவில்லை' என்று வங்கியிடம் முறையிடலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, அது தாண்டிவிட்டதா என்று இன்றே கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: இதழின் சொந்தத் தளத்தில் கட்டுவதா, பெரிய மின்னூல் கடை வழியாகவா?

பதில்: சொந்தத் தளம் இருந்தால் அங்கேயே. 2023-ல் அமேசான் தன் மின்னூல் கடையான கிண்டிலில் இதழ்ச் சந்தா வசதியை மூடியது. கிளார்க்ஸ்வேர்ல்ட் உட்படப் பல கதை இதழ்கள் தங்கள் வாசகர்களை வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கூவ வேண்டியிருந்தது. அந்தச் சந்தாதாரர்களின் முகவரி கடையிடம்தான் இருந்தது, இதழிடம் இல்லை. செயலிக்குள் கட்டினால் ஆப்பிள் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்வதும் உண்டு.

எங்கே கட்டினாலும் ஒன்று கேளுங்கள்: கோப்பு இபப் (மின்னூல் கோப்பு வகை) அல்லது பிடிஎஃப் ஆகக் கைக்கு வருமா, உள்நுழைந்து மட்டும்தான் படிக்க முடியுமா? உள்நுழைந்து மட்டும் என்றால் அது வாடகை. சந்தா முடிந்த அன்று பழைய கதைகளும் போய்விடும்.

கேள்வி: சந்தா கட்டிய ரசீதை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

பதில்: கடைசி இதழ் கையில் வரும்வரை.