வரி கேள்வி-பதில்: உரக்கடைக்கு எந்தப் படிவம்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் என் பெயரில் உரக்கடை நடத்துகிறேன். 2025-26இல் ஜிஎஸ்டி நீங்கலாக 70 லட்சம் வியாபாரம். 45 லட்சம் ஜிபேயிலும் வங்கியிலும் வந்தது, 15 லட்சம் ரொக்கம். மீதி 10 லட்சம் சம்பா கடன், மார்ச் 31 அன்று பாக்கி நின்றது. பத்து மா நிலமும் உண்டு. அதில் செலவு போக 1.10 லட்சம் கிடைத்தது. பிரவுசிங் சென்டரில், ‘ஐடிஆர் 4 போதும், எல்லாவற்றுக்கும் 8 சதவீதம் போட்டுவிடலாம்’ என்கிறார்கள். சரியா ஐயா?

பதில்: இரண்டுமே சரியில்லை.

முதலில் படிவம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர் 4 போட முடியாது. வயல் வைத்திருக்கும் கடைக்காரர்கள் நம் டெல்டாவில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘விவசாயத்துக்குத்தான் வரி கிடையாதே’ என்று அதை எழுதாமலே விட்டுவிடுவார்கள். வரி இல்லை என்பது உண்மை, ஆனால் காட்ட வேண்டும். உங்களுக்கு ஐடிஆர் 3. பெரிய படிவம்தான், பயப்பட வேண்டாம். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று சிறு வியாபாரிகள் காட்ட வழிவிடும் 44ஏடி பிரிவின் கணக்கை அதிலும் போடலாம். முழு பேலன்ஸ் ஷீட் இல்லாவிட்டால் வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, கையிருப்புச் சரக்கு, ரொக்கம் ஆகிய நான்கையும் கொடுத்தால் போதும்.

அப்புறம் சதவீதம். ஜிபே, வங்கிப் பரிமாற்றம், கணக்கில் மட்டும் வரவு வைக்கும்படி கோடிட்ட காசோலை, இவற்றில் வந்த தொகைக்கு 6 சதவீதம். மற்றதற்கு 8. ரொக்கமாக வாங்கி நீங்களே வங்கியில் கட்டினீர்கள் என்றால் அதற்கும் 8தான்.

சம்பா கடன்தான் உங்கள் கேள்வியில் ருசியான இடம். சரக்கு கடையை விட்டுப் போன அந்த ஆண்டிலேயே அது விற்பனை. பணம் வரவில்லை என்று கணக்கிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கான கெடுவுக்குள் அந்தப் பாக்கி வங்கி வழியாக வந்துவிட்டால் அதற்கும் 6 சதவீதமே. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. அங்கிருந்தே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எடுத்து நோட்டாகக் கொண்டுவந்து நீட்டினால் 10 லட்சத்துக்கு 20,000 ரூபாய் கூடுதல் வருமானமாகக் காட்ட வேண்டிவரும்.

பாக்கி முழுதும் அப்படி வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்: 2.70 + 1.20 + 0.60, ஆக 4.50 லட்சம். புதிய வரி முறையின் 4 லட்ச வரம்பைத் தாண்டுவதால் விவசாய வருமானத்தையும் கூட்டி வரி விகிதம் பார்ப்பார்கள். கணக்குப்படி 2,500 ரூபாய் வரி வரும். 12 லட்சம் வரையுள்ள வருமானத்துக்கான 87ஏ தள்ளுபடியில் அதுவும் போய்விடும். கட்ட ஒன்றுமில்லை, தாக்கல் மட்டும் கட்டாயம். கடைக்குத் தனி பான் கிடையாது என்பதால் உங்கள் சேமிப்புக் கணக்கு வட்டியும் இதே ரிட்டர்னில்தான் வரும்.

இந்தச் சதவீதத்துக்குள்ளேயே கடை வாடகை, பையன் சம்பளம், லோடுமேன் கூலி, கரண்ட் பில் எல்லாம் அடக்கம். மறுபடி கழிக்க முடியாது. யூரியா மூட்டையில் என்ன பெரிதாக மிஞ்சிவிடும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். உண்மை லாபம் 6 சதவீதத்துக்கும் கீழே என்றால் கணக்கேடு எழுதி அதையே காட்டலாம். ஆனால் ஒருமுறை 44ஏடிக்குள் வந்தவர் அடுத்த 5 ஆண்டுகளுக்குள் குறைத்துக் காட்டினால், அதன்பின் 5 ஆண்டு இந்த வழி அடைபடும். வருமானமும் வரம்பைத் தாண்டினால் ஆடிட் வேறு. ஆகவே இதுவரை எப்படித் தாக்கல் செய்தீர்கள் என்பதைப் பார்க்காமல் இந்த ஆண்டு கைவைக்காதீர்கள். மாறாக லாபம் கூடுதலாக இருந்தால் கூடுதலையே காட்டுங்கள். நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது மேனேஜர் புரட்டுவது இந்தக் காகிதத்தைத்தான்.

கேள்வி: பாபநாசத்தில் நெல் வியாபாரம். விவசாயிகளிடம் எடுத்து ஆலைக்கு அனுப்புகிறேன், மூட்டைக்குக் கமிஷன். எனக்கும் 44ஏடி உண்டா?

பதில்: கிடையாது. கமிஷன், தரகு, ஏஜென்சி வருமானத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஐடிஆர் 3இல் நிஜமான வரவு செலவைக் காட்டுங்கள். நீங்களே விலை கொடுத்து வாங்கி உங்கள் பெயரில் பில் போட்டு விற்றால் அது வியாபாரம், அப்போது 44ஏடி உண்டு. பில் யார் பெயரில் போகிறது என்று பாருங்கள்.

கேள்வி: அறுவடை மெஷின் வைத்திருக்கிறேன். வாடகைப் பணம் விவசாய வருமானம்தானே?

பதில்: உங்கள் வயலில் அறுத்து விற்ற நெல் விவசாய வருமானம். ஊரார் வயலுக்கு மணிக்கணக்கில் ஓட்டி வாங்கிய வாடகை தொழில் வருமானம்.