மேலும் கீழும் அ² இருக்கிறதே, அதை ஏன் அடிக்கக்கூடாது?

கேட்டிருப்பது (அ² − 9)/(அ² − அ − 6) என்ற விகிதமுறு கோவையைச் சுருக்கும் வழி. அ² இரண்டையும் அடித்தால் 9/(அ + 6) வரும். அது சரியா என்று அ = 1 போட்டுப் பாருங்கள்: மூலக் கோவை 4/3 தருகிறது, உங்கள் விடை 9/7 தருகிறது. பொருந்தவில்லை.

காரணம் எளிது. வகுத்து நீக்கலாம் என்பது பெருக்கலில் நிற்கும் காரணிகளுக்கு மட்டும்தான். இங்கே அ² கூட்டல் கழித்தலில் நிற்கும் ஓர் உறுப்பு. அதனால் முதலில் காரணிப்படுத்த வேண்டும்.

தொகுதி (மேலே உள்ளது) இரு வர்க்கங்களின் வித்தியாசம்: (அ − 3)(அ + 3). பகுதிக்கு (கீழே உள்ளது), பெருக்கினால் −6, கூட்டினால் −1 வரும் எண்கள் −3, 2. எனவே (அ − 3)(அ + 2). பொதுவான (அ − 3) போனால் மிச்சம் (அ + 3)/(அ + 2). அ = 1 போட்டால் 4/3, சரி.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அ = 3 எனில் மூலக் கோவை 0/0 ஆகிவிடும்; சுருக்கிய வடிவமோ சாதுவாக 6/5 என்கிறது. ஆகவே விடையோடு அ ≠ 3, அ ≠ −2 என்றும் எழுதுங்கள். விலக்கப்பட்ட மதிப்புகளை, அதாவது பகுதியை 0 ஆக்கும் மதிப்புகளை, சுருக்கும் முன்பே, மூலப் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

தேர்வில் (3 − அ)/(அ − 3) என்று திருப்பிப் போட்டும் கேட்பார்கள். அது 1 அல்ல, −1.