ஒன்பது நாள் உதிரப்போக்கு: கர்ப்பப்பைக் கட்டியாக இருக்குமா?

கேள்வி: எனக்கு 43 வயது. முக்கூடல் பக்கம் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். முன்பு நாலு நாளில் நின்றுவிடும் தூரம், ஒரு வருஷமாக ஒன்பது நாள் போகிறது. கட்டி கட்டியாக விழுகிறது. இடுப்பு வலி, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறேன், அடிவயிறு கனத்துக் கிடக்கிறது. 'நிற்கிற வயசுல அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள் மதினி. என் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. எனக்கும் அதுதானா?

பதில்: அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முப்பது வயதுக்கு மேல் ஃபைப்ராய்டு எனும் நார்க்கட்டி பரவலாக வரும். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு இன்னும் கூடும். புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம், இது அப்படி மாறுவது மிக அரிது. ஆனால் மதினி சொல்வதைக் கேட்டு இன்னொரு வருஷம் தள்ளிப்போடாதீர்கள். மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் நாள் முன்பின் ஆவது இயல்பு. ஒன்பது நாள் இரத்தக்கட்டியோடு போவதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம்தான் அறிகுறிகளைத் தீர்மானிக்கிறது. கர்ப்பப்பையின் உள்பக்கம் துருத்தினால், இரண்டு செ.மீ. கட்டிகூட உதிரத்தைக் கொட்ட வைக்கும். வெளிப்பக்கம் வளர்ந்தால் தேங்காய் அளவு ஆனாலும் உதிரப்போக்கு கூடாமலே இருக்கலாம். முன்னால் மூத்திரப்பையை அழுத்தி அடிக்கடி போகச் செய்யும், பின்னால் மலக்குடலை அழுத்தி மலச்சிக்கல் தரும். உங்களுக்கு அதிக உதிரப்போக்கும் அடிக்கடி ஒன்றுக்குப் போவதும் சேர்ந்திருப்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளோ, சுவரிலேயே வளர்ந்த பெரிய கட்டியோ இருக்கலாம். இடுப்பு வலியை மட்டும் கட்டியின் தலையில் போட்டுவிட முடியாது. மடியில் தட்டை வைத்து நாள் முழுக்கக் குனிந்திருந்தாலும் அந்த வலி வரும். மாதவிலக்கு நாட்களில் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

'நிறையப் போகிறது' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு அளவு பிடிபடாது. அடுத்த மாதம் காலண்டரிலேயே குறியுங்கள்: எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் அல்லது துணி, இரவில் மாற்ற எழுந்தீர்களா, விழும் கட்டி பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதா. ஏழு நாளைத் தாண்டுவதும், ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுவதும் அதிகப் போக்குதான்.

இரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, பச்சரிசியை அள்ளி மெல்லத் தோன்றுவது எல்லாம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. இரும்பு மாத்திரை தந்தால் கருப்பட்டிக் காப்பியோடு விழுங்காதீர்கள். காப்பியும் தேநீரும் இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேர இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றோடு குடியுங்கள்.

அரசு மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவுக்குப் போங்கள். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முதல் பரிசோதனை வயிற்று ஸ்கேன். அதற்குத் தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போக வேண்டும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனுக்கு மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும். அறிக்கையில் எத்தனை கட்டி, என்ன அளவு, உட்சுவரைத் தள்ளுகிறதா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தைராய்டு கோளாறாலும் உதிரம் கூடலாம், அதையும் பாருங்கள். கர்ப்பப்பை முழுவதும் ஒரே சீராக வீங்கும் அடினோமயோசிஸும் இதே போலத் தோன்றும், ஆனால் அதில் வலி அதிகம். இடையில் உதிரம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ மறைக்காமல் சொல்லுங்கள். கருப்பை வாயையும் பார்த்தாக வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியிருப்பதால் உட்சுவரில் சிறிது திசு எடுத்துச் சோதிக்கச் சொல்லலாம், பயந்து மறுக்காதீர்கள்.

கட்டி என்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை எல்லாம் உண்டு. எது பொருந்தும் என்பது அந்த ஸ்கேனைப் பார்த்த பிறகு முடிவாகும். மாத்திரையைக் கடையில் நீங்களே கேட்டு வாங்கிப் போடாதீர்கள். காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அதில் ஆபத்து உண்டு.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரமாக நிற்காவிட்டாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, திடீரென அடிவயிறு தாங்க முடியாமல் வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.