பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்

கேள்வி: 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் நான் இருந்தேன். அப்போது எனக்கு 17 வயது. ராஜீவ் காந்தியைப் பார்க்கலாம் வாடா என்று சித்தப்பா மகனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். குண்டு வெடித்ததில் அவனுக்கு ஒரு காது போய்விட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ‘வாயைத் திறந்தா விசாரணைக்கு மல்லிகை பில்டிங்குக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க’ என்று அப்பா மிரட்டியதால் வெளியே மூச்சு விடவில்லை. இன்றைக்கும் தீபாவளி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். கூட்டத்தில் மாட்டினால் வியர்த்துக் கொட்டும். இப்போது யூடியூபில் போடலாம், பேசுங்கள் என்கிறான் மகன். பேச உட்கார்ந்தால், மாலையோடு நின்ற அந்தப் பெண்ணை நேரில் பார்த்தேனா, பேப்பரில் பார்த்தேனா என்றே புரியவில்லை. ‘நீங்க அங்க இருந்தீங்களாங்கறதே சந்தேகம்’ என்கிறார் மைத்துனர். வழக்கில் தண்டனை பெற்ற ஏழு பேரின் விடுதலை பற்றியும் கருத்துக் கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– காஞ்சிபுரம் மாவட்ட வாசகர்

பதில்: மைத்துனரை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். உங்கள் தம்பியின் காதைவிடப் பெரிய அத்தாட்சி அவருக்கு என்ன வேண்டுமாம்?

உங்களுக்கே வந்திருக்கும் சந்தேகம் வேறு விஷயம். அதை நான் மதிக்கிறேன். மனித வெடிகுண்டாக வந்த தணு கையில் சந்தன மாலையோடு நிற்கும் படத்தை எடுத்த ஹரிபாபு அங்கேயே இறந்துபோனார். கேமரா பிழைத்துக்கொண்டது. அதற்குள் இருந்த படங்கள்தான் புலனாய்வுக்கே நூல்முனை. பிறகு அவை வராத பத்திரிகை இல்லை. அன்றிரவு மைதானத்தில் நின்றவர்களும் சரி, மதுரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் சரி, அந்தப் பெண்ணை ஹரிபாபு நின்ற இடத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் நினைவில் அவர் நேர் எதிரே, ஃப்ளாஷ் வெளிச்சம் முகத்தில் விழ நின்றால், அது அநேகமாகப் படத்திலிருந்து வந்தது. ஆனால் இடம் கருதி நான் வெட்டிய இரண்டாம் பக்கத்தில் வேறு சில விஷயங்கள் எழுதியிருக்கிறீர்கள். முன்னால் நின்றவரின் தோளில் கிடந்த ஈரத் துண்டு, சவுக்குக் கட்டையில் பிசுபிசுத்த உங்கள் கை, ஓடும்போது தம்பியின் செருப்பை நீங்கள் கையில் வைத்திருந்தது. இதையெல்லாம் எந்தப் பேப்பரும் போடவில்லை. இது உங்களுடையது.

நினைவு இப்படிக் கலந்துபோவது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 1986ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் எழுதி வாங்கி வைத்தார். சில ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது பலர் அடியோடு வேறு கதை சொன்னார்கள். அதுவும் அடித்துச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தை எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. அவர்கள் யாரும் புளுகர்கள் அல்ல. உங்களுக்கோ முப்பது வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு வி.கல்யாணம் ஞாபகம் வருகிறார். காந்தியின் செயலாளராக இருந்த தமிழர், பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 2021ல் காலமானவர். 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகையில் காந்திக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். காந்தியின் பக்கத்திலேயே வந்த பேத்தி முறையான மனு, சுடப்பட்டதும் காந்தி ‘ஹே ராம்’ என்றதைக் காதால் கேட்டதாக எழுதினார். கல்யாணம் தன் காதில் அது விழவில்லை என்றார். அது ‘காந்தி அப்படிச் சொல்லவே இல்லை’ என்று ஊரெல்லாம் பரவி, பெரிய சர்ச்சையாகி, கடைசியில் தொண்ணூறைத் தாண்டிய வயதில், எனக்குக் கேட்கவில்லை என்றுதான் சொன்னேன் என விளக்க வேண்டியதாயிற்று. அங்கே இருந்தவருக்கே இந்தக் கதி. ‘நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பெண் தெரிந்தாரா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று மகனின் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அப்படிப் பேசுகிறவர்மேல்தான் நம்பிக்கை வரும்.

அப்பாவைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு இயங்கிய ‘மல்லிகை’ கட்டடத்தின் பெயரைக் கேட்டாலே அன்று பலருக்கு வயிற்றைக் கலக்கியது. தடா என்ற கடுமையான பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இருந்த காலம். பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998ல் 26 பேருக்கும் தூக்கு என்றது, மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. வயசுப் பையனை வைத்திருந்த அப்பா பயந்ததில் என்ன தப்பு? நீங்கள் வாய் திறக்காததால் வழக்கும் நின்றுவிடவில்லை. அரசுத் தரப்பில் 288 சாட்சிகளை விசாரித்தார்கள்.

உங்களை அரிப்பது தம்பியின் காதுதான் என்று நினைக்கிறேன். 1963ல் டல்லஸில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோது பின்னால் வந்த காரிலிருந்து குதித்து ஓடி, அவர் காரில் தொற்றி ஏறிய காவலர் கிளின்ட் ஹில். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று 1975ல் தொலைக்காட்சிப் பேட்டியில் உடைந்து அழுதார். 1990ல்தான் டல்லஸுக்குத் திரும்பிப் போய், அந்தத் தெருவில் நடந்து, குண்டு வந்த ஆறாவது மாடி ஜன்னல்வரை ஏறிப் பார்த்து, தன்னால் ஆகியிருக்கக்கூடியது ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார். பாதுகாப்பதே வேலையாக இருந்த மனிதருக்கே 27 வருஷம் பிடித்தது. நீங்கள் தலைவரைப் பார்க்கத் தம்பியைக் கூட்டிப்போன பையன். அந்த வயதில் எல்லோரும் செய்கிற காரியம். சரி, தம்பி இதைப் பற்றி என்ன நினைக்கிறார்? இத்தனை பெரிய கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லையே. கேட்டதே இல்லை என்று என் ஊகம். வீடியோவுக்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள். கேட்கிற காது பக்கமாக உட்கார்ந்து கேளுங்கள். அவர் திட்டினாலும் திட்டலாம். முப்பது வருஷமாக உங்களை நீங்களே திட்டிக்கொள்வதைவிட அது மோசமாக இருக்காது.

வெடிச் சத்தமும் கூட்டமும் தருகிற பதற்றம் பயந்த சுபாவத்தால் வருவதில்லை. பேரதிர்ச்சிக்குப் பின் உடம்பு இப்படி விழித்துக்கொண்டே இருப்பதற்கு மருத்துவம் 1980லேயே பெயர் வைத்துவிட்டது, சிகிச்சையும் உண்டு. இவ்வளவு காலம் கடந்தும் பலன் தரும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்துக்கு ஒருமுறை போய் வரலாமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். தனியாகக் கிளம்பிவிட வேண்டாம்.

விடுதலை பற்றிய கருத்து? அன்று ராஜீவுக்குப் பக்கத்தில் நின்று படுகாயமடைந்த காவல் அதிகாரி அனுசுயா, விடுதலையை வெளிப்படையாக எதிர்த்தார். ராஜீவின் மகள் பிரியங்கா 2008ல் வேலூர் சிறைக்கே போய், அந்த ஏழு பேரில் ஒருவரான நளினியைப் பார்த்துப் பேசினார். ஒரே வெடியில் அடிபட்டவர்களே வேறு வேறு பக்கம் நிற்கும்போது, நீங்கள் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. தீர்ப்புச் சொல்வது சாட்சியின் வேலை இல்லை. எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதை உங்கள் கடிதத்துக்குக் கீழே எழுதுவது நியாயமில்லை.

மருத்துவரைப் பார்த்து, தம்பியிடமும் பேசிய பிறகு வீடியோ எடுக்கலாம் என்று தோன்றினால் எடுங்கள். தோன்றாவிட்டால் மகன் காத்திருக்கட்டும். எடுத்தால் மூன்று நிபந்தனை போடுங்கள்: உங்களுக்குக் காட்டாமல் எதையும் ஏற்றக் கூடாது, நடுவில் வெடிச் சத்தமும் சோக இசையும் சேர்க்கக் கூடாது, ‘அதிர்ச்சித் தகவல்’ என்று தம்ப்நெயில் வைக்கக் கூடாது. கமென்ட்டைப் படிக்கும் வேலையும் அவனுடையது, உங்களுடையது அல்ல.