180 பேருக்கு ஒரு முகவரி: எந்த வகைக் குரூப் சரிவரும்?

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன், ஊர் பண்டாரவளைப் பக்கம். தோட்டப் பாடசாலைகளில் உயர்தரப் பிள்ளைகளுக்குச் செமினார் நடத்தும் மாணவர் வட்டத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். பழைய மாணவர்களையும் சேர்த்து 180 பேர். இதுவரை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. முக்கியமான அறிவித்தல்கூட ‘குட் மோர்னிங்’ படங்களுக்குள் புதைந்து போகிறது. ஒரே முகவரிக்கு அனுப்பினால் எல்லாருக்கும் போகும் மெயில் குரூப் ஒன்று திறக்கலாம் என்று பார்த்தால், கூகுள் குரூப்ஸில் மின்னஞ்சல் பட்டியல், இணைய மன்றம், கேள்வி-பதில் மன்றம், கூட்டு இன்பாக்ஸ் என்று நாலு வகை சொல்கிறார்கள். எதை எடுப்பது, சேர்?

பதில்: வகைகளின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நாலும் ஒரே பெட்டிதான், உள்ளே சுவிட்சுகள்தான் வேறு வேறு விதமாகப் போடப்பட்டிருக்கும். இன்று ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த மாதம் மாற்றவும் முடியும். அதை விட முக்கியமான கேள்விகள் இரண்டு: இந்த முகவரிக்கு யார் எழுதலாம்? வந்த மெயிலுக்கு ஒருவர் ‘ரிப்ளை’ அழுத்தினால் அது யாரிடம் போகும்?

இரண்டாவது கேள்வியை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கெம்பஸில் உதவித்தொகை அறிவித்தல் ஒன்றை 300 பேருக்கு மேல் இருந்த குரூப்புக்கு அனுப்பினோம். ஒரு பிள்ளை ரிப்ளையை அழுத்தி, அப்பாவுக்குத் தோட்டத்தில் மாதம் எத்தனை நாள் பெயர் விழுகிறது (நாள் சம்பளம் பதிகிறது), தங்கச்சியின் மருந்துச் செலவு எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். எனக்கு எழுதுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். பதில் குரூப்புக்கே போகும்படி அமைப்பு இருந்ததால் எல்லாருடைய போனிலும் அது ஒலித்தது. போன மெயிலைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை. அந்தப் பிள்ளை இரண்டு கிழமை விரிவுரைக்கு வரவில்லை. அந்த அமைப்பைப் பார்க்காமல் விட்டது நான்தான்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். உங்களிடம் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன: எல்லாருக்கும் அறிவித்தல், செயற்குழுவின் உள்பேச்சு, ஆசிரியர்களிடமிருந்து வரும் விசாரணை. மூன்றையும் ஒரே முகவரியில் போட்டால் வாட்ஸ்அப்பில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

அறிவித்தலுக்கு மின்னஞ்சல் பட்டியல் போதும். எழுதும் உரிமை உரிமையாளர், மேலாளர் ஆகியோருக்கு மட்டும். பதில், எழுதியவருக்கு மட்டும் போகும்படி வையுங்கள். உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும் உரிமையும் அதே ஆட்களுக்கு மட்டும்தான், 180 பேரின் முகவரி 180 பேருக்கும் எதற்கு? குரூப் வேண்டாம், பீசீசீயில் (முகவரிகள் மற்றவருக்குத் தெரியாத கட்டத்தில்) போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். போடலாம், ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் கணக்கிலேயே கிடக்கும், அடுத்த செயலாளருக்குக் கைமாறாது. அவசரத்தில் ஒருநாள் பீசீசீக்குப் பதிலாக மேல்கட்டத்தில் போட்டுவிட்டால் அத்தனை முகவரியும் வெளியே வந்துவிடும்.

செயற்குழுவுக்கும் பட்டியல்தான், ஆனால் அங்கே பதில் குரூப்புக்கே போகட்டும். பத்துப் பேர் பேசுவதற்கு வேறெதுவும் தேவையில்லை.

கூட்டு இன்பாக்ஸ் பொருந்துவது மூன்றாவது வேலைக்கு. மஸ்கெலியாவில் இருந்து ஓர் ஆசிரியர், “இரசாயனவியல் செமினார் எந்தக் கிழமை?” என்று கேட்டு எழுதுகிறார் என்று வைப்போம். சாதாரணக் குரூப்பாக இருந்தால் ஒருவர் சனி என்பார், இன்னொருவர் ஞாயிறு என்பார். இல்லாவிட்டால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேரும் சும்மா இருப்பார்கள். கூட்டு இன்பாக்ஸில் அந்த மெயிலை ஒருவர் பெயருக்கு ஒதுக்கலாம், முடிந்ததும் ‘முடிந்தது’ என்று குறிக்கலாம். இந்த முகவரிக்கு வெளியாரும் எழுதும்படி திறந்துவிட வேண்டும், ஸ்பாம் வரத்தான் செய்யும். உறுப்பினர் அல்லாதவர் அனுப்புவதை ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே உள்ளே வருவதுபோல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் பார்க்க ஓர் ஆள் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். ஆள் இல்லாவிட்டால் அந்த ஆசிரியரின் கேள்வி செமினார் முடிந்த பிறகும் உள்ளேயே கிடக்கும்.

மன்றங்கள் இரண்டையும் மறந்துவிடுங்கள். இணையத்தில் போய்த் திறந்து வாசிக்கும் பொறுமை நம்மவர்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை.

ஒவ்வொரு உறுப்பினரும் தனக்கு மெயில் எப்படி வர வேண்டும் என்று தானே தெரிவு செய்யலாம். ஒவ்வொன்றாக வரலாம், 25 மெயில்வரை ஒரே கட்டாக வரலாம், நாளுக்கு ஒரு சுருக்கம் மட்டும் வரலாம், வரவே வேண்டாம் என்றும் வைக்கலாம். லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறினால்தான் கவரேஜ் கிடைக்கும் என்ற இடத்தில் இருப்பவருக்குக் கட்டாக வருவது வசதி. ஆனால் அறிவித்தல் பட்டியலில் அது வேண்டாம். ‘நாளைய செமினார் பிற்போடப்பட்டது’ என்ற மெயில் கட்டுக்குள் சிக்கினால், பிள்ளைகள் மழையில் நனைந்து வந்து பூட்டிய பாடசாலையைத்தான் பார்ப்பார்கள். படங்களையும் வினாத்தாள்களையும் இணைப்பாக அனுப்பாமல் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுத்தால் டேட்டாவும் மிஞ்சும். அந்த லிங்க்கை வெளியாரும் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தீர்களா என்பதைப் பாருங்கள், பாதிப் பேர் மறப்பது அதைத்தான்.

இனி, பலர் யோசிக்காத விஷயம். குரூப்பை உங்கள் மாணவர் கணக்கில் மட்டும் திறந்தால், பட்டம் முடிந்து அந்தக் கணக்கு மூடப்படும் நாளில் சாவியும் போய்விடும். ஆகவே குறைந்தது இரண்டு உரிமையாளர்கள் வேண்டும். ஒருவர் உங்கள் பெரும்பொருளாளராக இருக்கும் விரிவுரையாளர் என்றால் நல்லது, அவர் வருடா வருடம் மாறமாட்டார். முகவரியிலும் உங்கள் பெயரோ பெட்ச் இலக்கமோ வரக்கூடாது, பதவியின் பெயர் வரட்டும். பழைய மாணவர்களைச் சொந்த ஜிமெயில் முகவரியில் சேர்க்க வேண்டிவரும். பல்கலைக்கழகக் கணக்கில் திறந்த குரூப்பில் வெளிமுகவரிகளைச் சேர்க்க முடியுமா என்பது கணினிப் பிரிவு போட்டிருக்கும் அமைப்பைப் பொறுத்தது. முதலில் அதைக் கேளுங்கள், முடியாது என்றால் சாதாரண ஜிமெயில் கணக்கிலேயே குரூப் திறக்கலாம்.

உங்கள் பீடத்தின் மெயில் அவுட்லுக்கில் திறக்கிறதென்றால் பெயர்கள் மாறும், தர்க்கம் மாறாது. அங்கே விநியோகப் பட்டியல் அறிவித்தலுக்கு, பகிர்ந்த அஞ்சல் பெட்டி விசாரணைக்கு. இரண்டையும் கணினிப் பிரிவுதான் திறந்து தர வேண்டியிருக்கும். பெரும்பொருளாளரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டு போங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த அறிவித்தலை அப்படியே மெயிலில் ஒட்டாதீர்கள். வாசிப்பவருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

180 பேரையும் ஒரேயடியாகச் சேர்க்கவும் வேண்டாம். முதலில் நாலு பேரை மட்டும் சேருங்கள், அதில் ஒருவர் ஜிமெயில் வைத்திருக்கும் பழைய மாணவராக இருக்கட்டும். ஒரு மெயில் அனுப்பி, நாலு பேரையும் ரிப்ளை அழுத்தச் சொல்லுங்கள். பதில் எங்கே போய் விழுகிறது என்று நாலு போனையும் வாங்கிப் பாருங்கள். உங்களிடம் மட்டும் வந்திருந்தால் மிச்ச 176 பேரையும் சேர்க்கலாம்.