பிளஸ் டூ முடித்ததும் நேரடியாக இதய மருத்துவம் படிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். இதய மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வெளிநாட்டில் ஆறே ஆண்டுகளில் முடிக்கக்கூடிய ‘நேரடி கார்டியாலஜி’ படிப்பு இருப்பதாகவும், அதற்கு நீட் தேவையில்லை என்றும் ஏஜெண்ட் ஒருவர் சொல்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நம் நாட்டில் இதய மருத்துவராகப் பணியாற்றுவதற்குப் பிளஸ் டூவிலிருந்து நேராகச் செல்லும் படிப்பு எதுவும் கிடையாது. உங்கள் மகள் முதலில் நீட் தேர்வில் தகுதி பெற்று எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும், பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்து அதற்கு ஐந்தரை ஆண்டுகள் ஆகும். அடுத்து, முதுநிலை நீட் எழுதிப் பொது மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. அதன்பின் மூன்றாவதாக ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, இதயவியலில் மூன்றாண்டு டி.எம். என்னும் உயர் சிறப்புப் பட்டம் அல்லது அதற்கு நிகரான டிஆர்.என்.பி. படிக்க வேண்டும். ஓராண்டுகூட வீணாகாமல் போனாலும் மொத்தம் பதினொன்றரை ஆண்டுகள். இதய அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பினால் பாதை வேறு: பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ்., அதன்பின் இதய அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். என்னும் உயர் சிறப்புப் பட்டம்.

இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. மாரடைப்போடு நள்ளிரவில் வருபவருடைய மணிக்கட்டு நாளத்தின் வழியே குழாயைச் செலுத்தி, சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள இதய நாளத்துக்குள், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத கம்பியை அடைப்பைத் தாண்டி நகர்த்த வேண்டும். மூத்தவர் ஒருவர் அருகில் நின்று கவனிக்க, அதைப் பல நூறு முறை செய்துதான் கை பழகும்.

இனி அந்த ஏஜெண்ட் சொல்வதைப் பார்ப்போம். நீட் தேவையில்லை என்பது பொய். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்லும் இந்திய மாணவர்களுக்கும் 2018 முதல் நீட் தகுதி கட்டாயம். ‘ஆறு ஆண்டுகளில் கார்டியாலஜி’ என்பது அதைவிடப் பெரிய பொய். சில நாடுகளில் அடிப்படை மருத்துவப் பட்டத்துக்கே எம்.டி. என்று பெயர். நம் ஊர் எம்.பி.பி.எஸ்.-க்கு நிகரான அந்தப் பட்டத்தை, இங்குள்ள முதுநிலை எம்.டி.யைப் போலக் காட்டித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மகனுக்காக அச்சடித்திருந்த முகவரி அட்டையை என்னிடம் நீட்டினார். பெயருக்குக் கீழே ‘எம்.டி., இதயநோய் நிபுணர்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது. மகனோ இங்கு மருத்துவராகப் பதிவு செய்வதற்கான தகுதித் தேர்வையே இன்னும் தாண்டவில்லை. அந்த அட்டையை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

வெளிநாட்டுப் படிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2021-இல் வந்த விதிகளின்படி, அது குறைந்தது 54 மாதப் படிப்பாகவும், ஆங்கில வழியிலும், தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே நிறுவனத்திலும் இருக்க வேண்டும். 12 மாதப் பயிற்சியையும் அதே நிறுவனத்தில் முடிக்க வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பணியாற்றும் உரிமையையும் அந்தப் பட்டம் தர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் ஏஜெண்டுகள் வாயே திறக்காமல் கடந்துவிடுகிறார்கள். எல்லாம் பொருந்தினாலும், திரும்பி வந்து 300 மதிப்பெண் தேர்வில் 150 எடுத்து, இங்கும் ஓராண்டு பயிற்சி முடித்த பிறகுதான் எம்.டி.க்கான நுழைவுத் தேர்வைப் பற்றியே யோசிக்க முடியும்.

உள்ளூரில் விரிக்கப்படும் வலை இன்னொன்று. ‘கார்டியாலஜி படிப்பு’ என்று ஸ்டெதாஸ்கோப் படம் போட்ட விளம்பரத் தாளில் விற்கப்படுவது பெரும்பாலும் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), கேத் லேப் (நாளத்தில் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கூடம்) ஆகியவற்றில் இதய மருத்துவர்களான எங்களுக்குத் துணை நிற்கும் மதிப்புமிக்க தொழில்நுட்பப் பணி அது. அவர்கள் இல்லாமல் என் பிரிவு ஒரு நாள்கூட நடக்காது. ஆனால் அதைப் படித்தவர் மருத்துவர் ஆக முடியாது. அதை மறைத்துச் சேர்ப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

இந்தத் தரகர்களுக்கு இடம் கொடுத்ததே நம் தேர்வு முறைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024-இல் ஜூன் 23 அன்று நடக்கவிருந்த முதுநிலை நீட், முந்தைய நாள் இரவில் ஒத்திவைக்கப்பட்டது. வெளியூர்த் தேர்வு மையங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்த இளம் மருத்துவர்கள் ஆகஸ்ட் 11 வரை காத்திருந்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று படிப்பவருக்கே தெரியாத நிலையில், ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்பவன் பின்னால் பெற்றோர் போவதில் வியப்பில்லை.

உங்கள் மகள் இப்போது நீட் தேர்வுக்கு மட்டும் தயாராகட்டும். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் நீட் தரவரிசைப்படி, அதிகாரப்பூர்வக் கலந்தாய்வு மூலமாகவே நிரப்பப்படுகின்றன; இடம் பிடித்துத் தரும் அதிகாரம் எந்த ஏஜெண்டுக்கும் இல்லை. ‘இடத்தை உறுதி செய்ய’ என்று சொல்லி அவளுடைய அசல் மதிப்பெண் சான்றிதழை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், நாளையே நேரில் போய்த் திரும்ப வாங்குங்கள். கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசல்தான் வேண்டும்.