இல்லாத பாதம் எரிகிறது. தெர்மல் ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: சர்க்கரை நோய்ப் புண் முற்றியதால், எட்டு மாதங்களுக்கு முன் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றினார்கள். இப்போது இல்லாத பாதம் எரிகிறது. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை கேட்கவில்லை. நரம்புக் கட்டியாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்தேன். வலியைப் படமெடுத்துக் காட்டுவதாக ஒரு ஸ்கேன் மையத்தில் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (வாசகர், வயது 58)

பதில்: முழங்காலுக்கு மேலும் வெட்ட நேருமோ என்பதே உங்கள் உண்மையான அச்சம் என்று எண்ணுகிறேன். இல்லாத பாதம் எரிவது, அழுகல் மேலேறுவதன் அறிகுறி அன்று. வெட்டுப்பட்ட நரம்புகளும் அந்தப் பாதத்துக்குரிய மூளைப் பகுதியும் ஓயாததால் எழும் இவ்வலி, கால் நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு வருவதே, மனப்பிரமையும் அன்று.

தெர்மல் கேமரா தோலின் வெப்பநிலையைத்தான் காட்டும், வலியை அன்று. எரிச்சல் மிகும்போது மிச்சக் காலின் முனை குளிர்ந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களில் கண்டது உண்மைதான். ஆயினும் செயற்கைக் காலைக் கழற்றிய உடனே எடுத்தால் ஒரு படம், ஏசி அறையில் சிறிது நேரம் அமர்ந்த பின் எடுத்தால் வேறொரு படம் என்று மாறக்கூடிய ஒன்றை வைத்து உங்களுக்கு மருந்து எழுத முடியாது. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நரம்புக் கட்டி என்பது வெட்டிய நரம்பின் நுனி முடிச்சுப்போல் தடிப்பது, புற்றுநோய் அன்று. ஓர் இடத்தைத் தட்டும்போது மின்னதிர்ச்சிபோல் பாய்ந்தால் மட்டும் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தினமும் இரவில் செயற்கைக் காலைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்து, புறங்கையால் முனையைத் தொட்டு, கண்ணாடியை வைத்து அடிப்பகுதியையும் பாருங்கள். புதிதாகச் சூடு, சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டாலோ, காரணமின்றிச் சர்க்கரை ஏறினாலோ, முனை சில்லிட்டு நீலம் பாரித்தாலோ, செயற்கைக் காலை மாட்டாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரையால் உணர்ச்சி மரத்த காலில் வலியே இல்லாமல் சீழ் பிடிக்கும் என்பதால், வலிக்கட்டும் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

கடையில் வாங்கும் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நரம்பு வலியை அது தணிப்பது அரிது. காய்ச்சலை மறைக்கும், சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். இவ்வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகளும், கண்ணாடி முன் மற்றக் காலை அசைக்கும் பயிற்சியும் உண்டு. சிறுநீரகத்தின் நிலையறிந்தே மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியிருப்பதால், கிரியாட்டினின் பரிசோதனை முடிவோடு மருத்துவரைப் பாருங்கள்.